எதையும் எண்ணாத ஒரு நாள்

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று ஒரு காஸ் துணி குறைந்தது. டாக்டர் வயிற்றைத் தைக்க ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். நிறுத்துங்க என்றேன். முப்பது கொடுத்திருந்தேன், இருபத்தொன்பதுதான் திரும்பி வந்தது. "உள்ள ஒண்ணும் இல்ல சிஸ்டர், நான் பாத்துட்டேன்" என்கிறார். பாத்துட்டேன் என்பதெல்லாம் என்னிடம் செல்லுபடியாகாது. பதினொரு நிமிடம் எல்லாரும் தேடினோம். கடைசியில் அவருடைய செருப்புக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. மயக்க மருந்து டாக்டர்தான் சிரித்தார்: "எண்ணிக்கை சிஸ்டர் இருக்கிற வரைக்கும் இந்தத் தியேட்டர்ல யார் வயித்துலயும் ஒரு நூல்கூடத் தங்காது."

பதினேழு வருடத்தில் ஒரு முறைகூட என் எண்ணிக்கை தப்பியதில்லை. பெருமைதான். என் நோட்டில் நானே ஏன் அடக்கம் காட்டணும்?

வீட்டிலும் இதே புத்தி என்று இவர் நொந்துகொள்கிறார். மாடிப்படியை எண்ணிக்கொண்டே ஏறுவேன். காய்ந்த சாக்ஸை எண்ணித்தான் மடிப்பேன். இவர் லிஃப்ட் மெக்கானிக், படியேறுவதே கேவலம் என்று நினைக்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை காட்டு அருவிக்குப் போகலாம் என்று ஒரு மாதமாக நச்சரித்துச் சம்மதிக்க வைத்திருக்கிறார். கூடவே ஒரு பந்தயம். "அன்னிக்கு ஒரு நாள் எதையும் எண்ணாம இரு. ஜெயிச்சா ஒரு மாசம் பாத்திரம் என் பொறுப்பு." சரி என்று கையடித்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு, வீடு வந்து

உடம்பு முழுக்க வலி. ஆனாலும் எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

காலையில் போகும்போதே சண்டை. இவர் திருப்பத்தை விட்டுவிட்டு அரை மணி நேரம் வேறு பாதையில் ஓட்டினார். நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவர் ரெண்டு சொன்னார். (பாரு, எண்ணுகிறேன்.) காட்டு வாசலில் இறங்கினவள் அவர் வண்டி நிறுத்தி வருவதற்குள் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டேன். கொடிக்கம்பம் மாதிரி மெலிந்த ஒரு வாசல்காரர், கையில் ஒரு நோட்டு. பேர்கூடக் கேட்கவில்லை, என்னைப் பார்த்தே ஏதோ குறித்துக்கொண்டார். ஒரு பித்தளை டோக்கனைக் கொடுத்தார். "திரும்பி வரும்போது பலகை ஆணியில மாட்டிடுங்கம்மா. மாட்டலைன்னா நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு எங்களுக்கு அர்த்தம்." வேண்டுமென்றே அதன் எண்ணைப் பார்க்கவில்லை. பந்தயமாச்சே. கால்சட்டை ஜிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். எனக்கும் இவருக்கும் நடுவில் ஒரு கூட்டம் வந்துவிட்டதால் இவர் வந்துசேரக் கால் மணி ஆயிற்று. அதற்குள் கோபமும் போய்விட்டது.

மூன்று மணி நேர ஏற்றம். வானமே தெரியாத காடு. வேர்கள் பாதைக்குக் குறுக்கே படுத்துக் கிடக்கின்றன, ஒவ்வொன்றையும் கும்பிட்டுத் தாண்டவேண்டியிருக்கிறது. இலையிலிருந்து எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. மழையா, நேற்றைய மழையின் மிச்சமா தெரியவில்லை. அருவியைப் பார்ப்பதற்கு ரொம்ப நேரம் முன்பே அதன் சத்தம் வந்துவிட்டது.

அருவிக்குக் கீழே ஒரு குளம். இவர் இடுப்பளவுக்கு மேல் இறங்கமாட்டார், அவ்வளவு பயம். நான் ஓரமாகவே நடந்து எதிர்ப்பக்கப் பாறையில் துண்டை விரித்துவிட்டு, அங்கிருந்து குதித்தேன். அம்மாடி, அந்தக் குளிர். மூச்சே நின்று பிறகு வந்தது. மல்லாந்து மிதந்தேன். காதுக்குள் தண்ணீர், அருவி எங்கோ தூரத்தில் இரைந்தது. எத்தனை நேரம் மிதந்தேன் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் எழுதி எத்தனையோ வருடம்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. துண்டை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டம். வழியெல்லாம் அட்டை. இவர் என்னைத் தோற்கடிக்க என் காலில் இருந்த அட்டைகளை, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று சத்தமாக எண்ண, நான் காதைப் பொத்திக்கொண்டு இறங்கினேன். வாசலுக்கு வந்தபோது ரத்தம் வழிகிறது, நான் கத்துகிறேன், இவர் சிரிக்கிறார். நேராகக் கழிப்பறைக்கு ஓடி உடை மாற்றி, ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன். இவர் டோக்கனை மாட்டிவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன். இதோ இவர் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. மணி ஏழரைதான் ஆகிறது, கண் சொக்குகிறது.

செப்டம்பர் 8, திங்கள்

கால் மடங்கவே மாட்டேன் என்கிறது.

மதியம் சின்ன நர்ஸ் போனைக் காட்டினாள். நேற்று அதே அருவிக்குத் தனியாகப் போன ஒரு பெண் திரும்பவில்லையாம். முப்பத்தைந்து வயதிருக்குமாம். இருபத்தேழாம் எண் டோக்கன் பலகைக்கு வரவில்லையாம். நேற்று சாயங்காலத்திலிருந்து தேடுகிறார்கள். "நாங்க நேத்து அங்கதான் இருந்தோம்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அட்டை கடித்த இடத்தையெல்லாம் காட்டினேன்.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன், வழியில் தனியாக ஒரு பொம்பளையைப் பார்த்தோமா என்று. "கூட்டமாத்தான் போனாங்க. தனியா யாரையும் பாக்கலையே" என்றார். அந்த மழையில், அந்தக் குளிரில் ஒருத்தி. எப்படியாவது கிடைத்துவிடணும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மதியம் அவசர கேஸ். தேடப்போனவர்களில் ஒருவரைத்தான் கொண்டுவந்தார்கள். கயிறு கட்டி இறங்கித் தேடுகிறவராம். கூட வந்தவர்களே அவரைக் 'கயிறு' என்றுதான் சொன்னார்கள். அருவிப் பாறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்து, உள்ளே மண், பாசி, இலைத்துணுக்கு. கழுவிக் கழுவி மாளவில்லை. மூன்றரை மணி நேரம்.

எலும்பு டாக்டர் திருகாணி போட்டுக்கொண்டே, "யாரோ ஒருத்தியைத் தேடப்போய் இவருக்கு இந்தக் கதி" என்றார்.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தனியா எதுக்குப் போகணும் அவ? இவர் காலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவளா வந்து குடுப்பா?"

எல்லாரும் ஆமாம் என்றார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது.

வெளியே அவர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய ஒரு ஷூ, சேறோடு.

செப்டம்பர் 10, புதன்

இருபத்தேழு.

என் பாக்கெட்ல. என் கால்சட்டை பாக்கெட்ல.

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும். வரிசையாக எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும். பால்கனியில் வீசியிருந்த அந்தப் பிளாஸ்டிக் பை நாற்றம் எடுக்க ஆரம்பித்தது. துவைக்கப்போட எடுத்தேன். வாளியில் ணங் என்று சத்தம். சில்லறை என்று நினைத்தேன். ஜிப்பைத் திறந்தால் பித்தளை. இரண்டு, ஏழு.

முதலில் எனக்குத் தோன்றியதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 'அந்தப் பொண்ணோட டோக்கன் எங்கிட்ட எப்படி வந்துச்சு?' என்றுதான் தோன்றியது. சத்தியமாக. பாவம், அவள் டோக்கன் என் துணியோடு கலந்துவிட்டதே, இதை உடனே கொண்டுபோய்க் கொடுக்கணுமே என்று. ஈரக்கையோடு அப்படியே நின்றிருந்தேன். வாளி நிரம்பி வழிந்தது. அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தேன்.

நான்தான். காணாமப் போனது நான்தான்.

தனியாக வந்தவள், ஆமாம், சண்டை போட்டுக்கொண்டு முன்னால் வந்தேனே. முப்பத்தைந்து வயதாம். எனக்கு நாற்பத்துநாலு, அந்த வாசல்காரர் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. இவர் மாட்டினது இவருடைய டோக்கனை. நான் மாட்டவே இல்லை. ஊரே என்னைத் தேடுது, நான் இங்க சாக்ஸ் மடிச்சுட்டு இருக்கேன்.

அந்தக் கால். அந்தக் காலை நான் கழுவினேனே. என் கையாலயே.

இவர் வந்ததும் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். மெதுவாகச் சொன்னார்: "தூக்கிப் போட்டுடு. இன்னும் ரெண்டு நாள்ல அவங்களே தேடறதை நிறுத்திடுவாங்க. யாருக்கும் தெரியப்போறதில்ல."

"நாளைக்கும் அந்தப் பாறையில ஆளுங்க இறங்குவாங்களே?"

செய்தியில் இருந்த எண்ணை அவரேதான் அழுத்திப் போனை என்னிடம் கொடுத்தார். ஒரே மணியில் எடுத்தார்கள்.

"அந்தப் பொண்ணைப் பத்தி ஏதாவது தெரியுமா?"

"நான்தாங்க அந்தப் பொண்ணு."

யாரோ பின்னால் ஓடுகிற ஓசை. "எங்கம்மா இருக்கீங்க? அடிபட்டிருக்கா? இருக்கிற இடத்தை விட்டு அசையாதீங்க, சுத்தி என்ன தெரியுது சொல்லுங்க."

வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னேன். இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

டோக்கனோடு நேரில் வரச்சொன்னார்கள். திட்டுவார்கள், போலீஸ் வரும், நாலு அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளணும் என்று மனத்தைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

அறையில் அதிகாரி, தேடின ஆட்கள் ஆறு பேர், மூலையில் அந்த வாசல்காரர். அவரை மூன்று நாளாக எல்லாரும் காய்ச்சி எடுத்திருக்கிறார்கள். ஆணி துருப்பிடித்து டோக்கன் எங்கேயோ விழுந்திருக்கும், உனக்கு நோட்டு எழுதத் தெரியவில்லை, வயதாகிவிட்டது, வீட்டுக்குப் போ என்று. வாசல்காரர் மட்டும், 'என் கணக்கு சரி, உள்ள ஒரு பொம்பளை இருக்கா, தேடுங்க' என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். அவர் கணக்கு சரிதான். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அவர் எழுந்து வந்து என் முழங்கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உசுரோட இருக்கீங்களேம்மா. நாலு நாளா சோறு இறங்கல. போதும், இருக்கீங்களே."

அப்படியே அறை வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அழக்கூட வரவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். தேடின ஆட்களில் ஒருவர் காறித் துப்பிவிட்டு வெளியே போனார். அதுதான் நியாயமாக இருந்தது.

மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே என் துண்டு. உறைமேல் சீட்டு ஒட்டி 27 என்று எழுதியிருந்தது.

"இது உங்களதா?" என்று அதிகாரி கேட்டார். தலையாட்டினேன்.

"எதிர்ப்பக்கப் பாறையில கிடந்துச்சு. இதை எடுக்கத்தான் அவர் அங்க இறங்கினார். விழுந்தப்பவும் கையில பிடிச்சிட்டு இருந்தார்."

கையெழுத்து எங்கே போட்டேன், எத்தனை காகிதத்தில் போட்டேன், ஒன்றும் ஞாபகம் இல்லை. திரும்பும்போது இவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "நான்தான் எண்ணாதேன்னு சொன்னேன்" என்றார். டோக்கன் என் பாக்கெட்டில்தானே இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் தலைமை நர்ஸிடம் சொன்னேன். பிறகு எலும்பு டாக்டரிடம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடிக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை நான் பேசின பேச்சு அவருக்கும் நினைவிருக்கும்தானே.

பிறகு வார்டு. 'கயிறு' விழித்திருந்தார். என் உடையைப் பார்த்ததும், "சிஸ்டர், கேட்டீங்களா? அந்தப் பொண்ணு கிடைச்சிடுச்சாம்" என்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. "உசுரோட. ஒம்போது வருஷமா இந்த வேலை பாக்கறேன். நாங்க போறப்ப எப்பவும் லேட்டாத்தான் இருக்கும், பொணத்தைத்தான் தூக்கிட்டு வருவோம். இதுதான் மொத உசுரு. கால் போனாலும் பரவால்லன்னு இருக்கு."

யாரோ அவரிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. நன்றி சொல்லிவிட்டு, கையைப் பிடித்து அழுதுவிட்டு, காட்டிலேயே கிடந்தேன் என்று அவரை நம்பவிட்டுவிடலாம். அது அவருக்கும் நல்லதுதானே? — இல்லை, எனக்கு நல்லது.

"நான்தாங்க அது. ஆனா நான் காட்டுல இல்ல. டோக்கனை மாட்ட மறந்துட்டு அன்னிக்கே வீட்டுக்குப் போயிட்டேன்."

"அப்ப உள்ள யாருமே இல்லியா?"

"இல்ல."

சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பினால் அவர் மனைவி ஃபிளாஸ்கோடு வாசலில் நிற்கிறார். எவ்வளவு கேட்டாரோ. எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

செய்தி வந்துவிட்டது: 'தேடப்பட்ட பெண் வீட்டில் இருந்தார்'. கீழே நூற்றுக்கணக்கில் சிரிக்கிற படங்கள். விடுதியிலிருந்து மகள் போன் செய்தாள்: "அம்மா, காணாமப் போன பொம்பளை நீதானாமே, என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க." நான் அந்தக் காலைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவளும் சிரிக்கவில்லை.

இவர் பாத்திரம் கழுவுகிறார். விடு என்றாலும் கேட்கமாட்டேன் என்கிறார்.

செப்டம்பர் 15, திங்கள்

அவருக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று. புண்ணில் வாடை. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு வந்து தலையை மட்டும் அசைத்தார். நாளைக்கே அந்தக் காலை எடுத்துவிட வேண்டுமாம். விட்டால் உயிருக்கே ஆபத்து.

நாளைய பட்டியலில் என் பெயர். மாற்றச்சொல்லிக் கெஞ்சினேன். தலைமை நர்ஸ், "இன்னொருத்தி லீவு. சின்னவ தனியா இதைப் பாக்க மாட்டா. ஆனா அவர்கிட்ட கேக்காம உன்னை உள்ள விடமாட்டேன்" என்றார். எலும்பு டாக்டரே போய்க் கேட்டார். திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான்: "'அங்க யாரு நல்லா எண்ணுவாங்க'ன்னு கேட்டார். நீங்கதான்னு சொன்னேன். 'அப்ப அவங்களே இருக்கட்டும்'னுட்டார்."

செப்டம்பர் 16, செவ்வாய்

தொடங்கும் முன் எண்ணினேன். தைக்கும் முன் எண்ணினேன். தோலை மூடும் முன் எண்ணினேன். மூன்று தடவையும் சரி.

பிறகு பதிவேடு. உடம்பிலிருந்து வெளியே எடுத்ததை அதில் எழுதவேண்டும், எத்தனை என்று எண்ணிக்கையும் போடவேண்டும். இவ்வளவு வருடத்தில் பித்தப்பை, கல், கட்டி என்று எவ்வளவோ எழுதியிருக்கிறேன். 'வலது கால், முழங்காலுக்குக் கீழ். எண்ணிக்கை: 1.' கையெழுத்து என்னுடையது.

டாக்டர் பேசிவிட்டுப் போனபிறகு நான் அவர் மனைவியிடம் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. எதிரில் நின்றேன். அவர்தான் பேசினார். இத்தனை நாளில் முதல் பேச்சு.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஏழரை மணிக்கு இவருக்குப் போன் வந்துச்சு. சாப்பிட உக்காந்தவர் தட்டைத் தள்ளி வெச்சுட்டுக் கிளம்பினார். அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"டைரி எழுதிட்டு இருந்தேன். அப்புறம் தூங்கிட்டேன்."

"நல்லா தூங்கினீங்களா?"

"நல்லா தூங்கினேன்."

என் முகத்தையே பார்த்தார். நானும் குனியவில்லை. குனிந்தால் அதுவும் ஒரு தப்பித்தல் என்று தோன்றியது.

"அவருக்கு எப்ப முழிப்பு வரும்?" என்று கேட்டார். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

அவருக்குத் தையல் பிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் தெரியாத எண்ணிலிருந்து போன். "கட்டு ஈரமாயிடுச்சு. வாங்க." பெயர்கூடச் சொல்லவில்லை, வைத்துவிட்டார். குரலை வைத்துத்தான் 'கயிறு' மனைவி என்று தெரிந்தது, ஆஸ்பத்திரியில் என் எண்ணை வாங்கியிருக்கணும். இவர் வண்டியில் கொண்டுவிட்டார், உள்ளே வரத் தைரியமில்லாமல் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்.

இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். சுவரில் சாய்த்து இரண்டு ஊன்றுகோல், இன்னும் விலைச்சீட்டு கிழிக்காதது. சுருட்டி வைத்த கயிறுகள் அலமாரிக்கு மேலே. நான் கட்டை அவிழ்த்தேன். புண் நன்றாக ஆறியிருந்தது. சொன்னேன். அவர் மனைவி கதவருகில் நின்று நான் செய்கிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த முறை தானே செய்துகொள்ளப் பழகுகிற மாதிரி.

பாதிக் கட்டு சுற்றும்போது அவர் கேட்டார்.

"அன்னிக்கு அந்தக் குளத்துல குளிச்சீங்களா?"

"குளிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

குத்திக் கேட்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சுமாராக இருந்தது என்று சொல்லிவிடலாம். பாறை, அட்டை, மழை, அப்படி இப்படி என்று.

"நல்லா இருந்துச்சுங்க" என்றேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு."

"சொல்லுங்க."

சொன்னேன். குதித்ததும் மூச்சு நின்றதை, மேலே நல்ல குளிர், அடியில் காலை நீட்டினால் அதைவிடக் குளிர் என்பதை, மல்லாந்து படுத்தால் காதுக்குள் தண்ணீர் போய் அருவியே தூரமாகக் கேட்டதை. நிறுத்தவிடவில்லை அவர். அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒம்போது வருஷமா அதுல இறங்கறேன்" என்றார். "ஒரு தடவைகூடக் குளிச்சதில்ல."

அவர் மனைவி உள்ளே போய்விட்டார். நான் மீதிக் கட்டைச் சுற்றி முடித்தேன்.